திருகின் பெயரை எங்களிடமும் சொல்லுங்கள்

பல் இழந்தவர்களுக்கு இம்ப்ளான்ட் வைக்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில், நீங்கள் 36 என்று எண் போட்டுக் குறிக்கும் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில், 11 ஆண்டுகளாக, கேப்புக்கு வேர் மாதிரி ஒரு டைட்டானியத் திருகு, அதாவது இம்ப்ளான்ட், இருக்கிறது. அதைச் செய்த நிறுவனம் எது, குறுக்களவு என்ன, நீளம் என்ன, மேலே உள்ள கேப்பைக் கழற்ற எந்தத் திருப்புளி வேண்டும் என்பதெல்லாம் முதல் 10 ஆண்டுகள் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. சுவர்க்கடிகாரத்துக்குக்கூட ரசீதையும் உத்தரவாத அட்டையையும் எடுத்து வைத்திருக்கும் ஆள் நான். எலும்புக்குள் வைத்த பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்கவில்லை. யாரும் கொடுக்கவும் இல்லை.

அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் ஒருநாள் பல் துலக்கும்போது கேப் லேசாகச் சுழன்றது. வலி கிடையாது. நாக்கால் தள்ளிப் பார்த்தேன், அசைந்தது. அப்புறம் தள்ளாமல் இருக்க முடியுமா? அன்று முழுக்க நாக்குக்கு அதே வேலை. சில நாளில் வாயில் ஒரு கெட்ட வாடையும் சேர்ந்துகொண்டது. வைத்தவரைத் தேடிப் போனால், அவர் ஓய்வு பெற்று கிளினிக்கை மூடியிருந்தார். பழைய கோப்புகள் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊசி குத்தியதே தெரியாத அளவுக்கு நிதானமான கை அவருக்கு. வேலையைச் சுத்தமாகச் செய்தார். செய்ததை எழுதிக் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்துப் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நன்றாகப் பிடித்திருக்கிறது. கேப்பைப் பிடித்திருக்கும், உள்ளே இருக்கும் சின்னத் திருகுதான் தளர்ந்துவிட்டது. இது எந்த சிஸ்டம்?" என்று கேட்டார் மருத்துவர். நான் விழித்தேன். "எங்களிடம் இருப்பது வேற கம்பெனி செட். தெரியாமல் கை வைத்தால் திருகின் தலை மழுங்கிவிடும்" என்று அனுப்பிவிட்டார். இன்னோர் இடத்தில், வைத்தவரிடமே போங்கள் என்றார்கள். மூன்றாவது மருத்துவர் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. "எதற்கு இந்த வம்பு? இதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்துவிடலாம்."

உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒரு நோயாளியின் வாயால் இதைக் கேளுங்கள். என் எலும்பில் இருந்த திருகுக்கு ஒரு குறையும் இல்லை. எலும்போடு ஒட்டி ஒன்றாகிப்போன திருகு அது. அதை எடுப்பது சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்குவது மாதிரி இல்லை. எதிர்த்திசையில் பெரும் விசை கொடுத்துத் திருக வேண்டும்; அசையாவிட்டால் வளையம் போன்ற துளைக்கருவியால் சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டும். அந்த இடத்துக்குக் கீழேதான் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொண்டு போகும் நரம்பு ஓடுகிறது. வைக்கும்போதே அதிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறீர்கள். எடுத்தபின் விழும் பள்ளம் ஆற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்புறம் முதலிலிருந்து எல்லாம். இவ்வளவும் எதற்கு? உள்ளே இருக்கும் ஒரு சின்னத் திருகின் தலைக்கு எந்தத் திருப்புளி பொருந்தும் என்று தெரியாததற்கு.

நான்காவதாகப் பார்த்தவர் ஓர் இளம் மருத்துவர். வந்ததும் அவர் செய்த முதல் காரியம் இன்னொரு எக்ஸ்ரே. முந்தையது சாய்வாக எடுக்கப்பட்டிருந்ததாம். நேராக எடுத்தால்தான் மரைகள் மங்காமல் தெரியும் என்றார். பிறகு கணினித் திரைக்குப் பக்கத்தில் என்னையும் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தார். மரைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, நுனி கூம்பா உருளையா, கழுத்து எப்படி விரிகிறது, திருகையும் கேப்பையும் இணைக்கும் அபட்மென்ட் என்ற துண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறதா மேலே உட்கார்ந்திருக்கிறதா. பறவை பார்ப்பவர்கள் சிறகையும் அலகையும் வைத்துப் பெயர் சொல்வார்களே, அப்படி. இரண்டு நிறுவனங்களின் பெயர் மிஞ்சியது. தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டு இரண்டுக்குமான கருவிகளையும் இரவல் வாங்கி வைத்துக்கொண்டு என்னை மறுபடி அழைத்தார். கேப்பின் மேல்பக்கம் சிறு துளை போட்டுத் திருகின் தலையைக் கண்டுபிடித்தார். இரண்டாவது திருப்புளி 'டக்' என்று உட்கார்ந்தது. பழைய சின்னத் திருகை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, நிறுவனம் சொல்லும் விசையளவுக்கு முறுக்கி, துளையில் டெஃப்லான் நாடாவைத் திணித்து மேலே பல் நிறத்தில் அடைத்தார். வேலை அரை மணி நேரம். அதற்கு முன்னால் அலைந்தது ஏழு வாரம்.

கிளம்பும்போது அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. இம்ப்ளான்ட் வரும் பெட்டியிலேயே, பெயர், அளவு, மாதிரி எண், தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அச்சடித்த ஒட்டுச்சீட்டு இருக்கிறதாம். பல நிறுவனங்கள் ஒன்றுக்கு மேலேயே வைக்கின்றன, உரித்து ஒட்டினால் போதும். ஒன்று உங்கள் கோப்புக்குப் போகிறது. மற்றது?

மற்றதை எங்களிடம் கொடுங்கள். கேட்பது இதைத்தான்.

இதை ஏதோ நிர்வாகச் சில்லறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் துறை இன்று தலைநிமிர்ந்து நிற்பதே எழுதி வைத்ததால்தான். ஸ்வீடனின் பெர் இங்வார் பிரோனெமார்க் பல் மருத்துவரே இல்லை. எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்தவர். 1952இல் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூண்டு ஒன்றைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து, அடுத்த முயலுக்குப் பயன்படுமே என்று கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. டைட்டானியம் காற்றுப் பட்டதும் தன்மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். உடம்பு அதை அந்நியமாக நினைத்துத் தள்ளுவதில்லை. 1965இல் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு திருகுகளை வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை அவை வேலை செய்தன.

ஆனால் அந்த வெற்றியைப் பார்த்து உலகம் உடனே கைதட்டிவிடவில்லை. அதற்கு முன்னால் தாடையில் வைக்கப்பட்ட விதவிதமான உலோகங்கள் ஆடி, சீழ் பிடித்து, கெட்ட பெயர் வாங்கியிருந்தன. பல் மருத்துவர்களே நம்பத் தயாராக இல்லை. நம்ப வைத்தது எது? 1981இல் பிரோனெமார்க்கின் குழு வெளியிட்ட 15 ஆண்டுக் கணக்கு. 371 நோயாளிகள், 410 தாடைகள், 2,768 திருகுகள். எது நின்றது, எது விழுந்தது, எப்போது, என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. மறு வருடம் டொரன்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்குக் கதவு திறந்தது. அத்தனை திருகுகளையும் ஒன்று விடாமல் எண்ணிய துறை இது. அதில் வந்த என் திருகுக்கு மட்டும் ஊர் பேர் இல்லை என்றால் எப்படி?

அன்றைக்குப் போல ஒருசில வகைகளோடு இன்று நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உள்ளே அறுகோணம், வெளியே அறுகோணம், கூம்பு இணைப்பு, மூன்று இதழ் இணைப்பு என்று வகை வகையாக. ஒரே நிறுவனத்தின் பழைய மாதிரிக்கும் புதிய மாதிரிக்கும் பாகம் பொருந்தாமல் போவதும் உண்டு. நிறுவனம் கைமாறும், மூடப்படும். திருகு மட்டும் எங்கள் எலும்பில் அப்படியே இருக்கும். டைட்டானியம் உருக ஏறக்குறைய 1,668 டிகிரி வெப்பம் வேண்டும் என்பதால், தீ விபத்தில் அடையாளம் தெரியாமல் போன உடல்களை இம்ப்ளான்டை வைத்து அடையாளம் காணத் தடயவியல் பல் மருத்துவர்கள் முயல்வதும் உண்டு. செத்த பிறகு நான் யாரென்று சொல்லக்கூடிய பொருளைப் பற்றி, உயிரோடு இருக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஒட்டுச்சீட்டோடு இன்னும் சிலவற்றையும் எழுதிக் கொடுங்கள். கேப் திருகால் பிடிக்கப்பட்டிருக்கிறதா, சிமென்டால் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. சிமென்ட் என்றால், ஈறுக்கு அடியில் வழிந்து மிஞ்சிய துணுக்கே பின்னாளில் வீக்கத்துக்குக் காரணமாகலாம். அடுத்து பார்ப்பவர் அதைத் தேடுவார். எத்தனை விசையில் முறுக்கினீர்கள் என்பது இன்னொன்று. ஆனால் ஒட்டுச்சீட்டுக்கு அடுத்தபடியாக எனக்கு முக்கியமாகப் படுவது ஓர் எக்ஸ்ரே: கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரே.

ஏன் என்று சொல்கிறேன். சொந்தப் பல் எலும்பில் நேரடியாக நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. அதுதான் மெத்தை, அதுதான் காவல்காரன். ஒரு மணல் துகள் கடிபட்டால் உடனே தாடை நின்றுவிடுகிறதே, அந்தச் சொரணை பெரும்பாலும் அந்தப் படலத்திலிருந்து வருவது. இம்ப்ளான்டில் அது கிடையாது. உலோகமும் எலும்பும் நேருக்கு நேர். ஈறும் சொந்தப் பல்லின் வேரில் நார்களை ஊன்றிப் பிடிப்பதுபோல இதைப் பிடிப்பதில்லை. சுற்றி அணைத்து நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் கிருமிகள் உள்ளே இறங்கி எலும்பைக் கரைக்க ஆரம்பித்தாலும் பல நேரம் வலியே இருக்காது. முன்பு ஈறு நோய் வந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். வலியை நம்பி இருக்க முடியாது என்றால் வேறு எதை நம்புவது? எலும்பின் மட்டம் அன்று எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்ற ஒப்பீட்டை. முதல் நாள் படம் இல்லாவிட்டால் அந்த ஒப்பீடே இல்லை. 2017ஆம் ஆண்டு ஈறு நோய் நிபுணர்கள் கூடிய உலகப் பட்டறையில், ஈறு நோய்களுக்கும் இம்ப்ளான்டைச் சுற்றி வரும் நோய்களுக்கும் வகைப்பாடு செய்தவர்கள்கூட இதற்குத் தனி விதி எழுத வேண்டியிருந்தது: பழைய படம் கையில் இல்லையென்றால், எலும்பு 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்கி, ஈறுக்கும் இம்ப்ளான்டுக்கும் நடுவே விழும் பை 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஆழமாகி, அதோடு ரத்தக்கசிவும் இருந்தால் நோய் என்று கொள்ளலாம் என்று. அதாவது படம் இல்லாதவருக்கு நோய் நன்றாக முற்றிய பிறகுதான் உறுதியாகத் தெரியும்.

எலும்பு போதாத இடத்தில் எலும்புத்தூள் வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது நோயாளியின் சொந்த எலும்பா, இன்னொரு மனிதருடையதா, மாட்டு எலும்பிலிருந்து எடுத்ததா, செயற்கையானதா. மேலே போர்த்திய சவ்வு பன்றியிடமிருந்து வந்ததா. மருத்துவ ரீதியில் எல்லாம் பாதுகாப்பாகப் பக்குவப்படுத்தப்பட்டவைதான், மறுக்கவில்லை. ஆனால் சிலருக்கு இது மனசாட்சி சம்பந்தப்பட்ட விஷயம். ஒப்புதல் படிவத்தில் 'எலும்பு ஒட்டு' என்ற இரண்டு சொல்லுக்குள் இதை மடித்து வைத்துவிடக் கூடாது.

இன்னொன்று, எண்கள். இம்ப்ளான்ட் 10 ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது நூற்றுக்குச் சுமார் 95 என்று சொல்கிறீர்கள். ஆய்வுகளும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கின்றன, சந்தோஷம். ஆனால் தாக்குப்பிடிப்பது என்றால் அந்தக் கணக்கில் என்ன பொருள்? திருகு வாயில் இருக்கிறது என்று பொருள். கேப் உடைந்திருக்கலாம், உள்ளே இருக்கும் சின்னத் திருகு தளர்ந்திருக்கலாம், ஈறு வீங்கியிருக்கலாம். தாடையில் இருந்தால் அது கணக்கில் வெற்றி. ஏழு வாரம் ஆடும் கேப்போடும் கெட்ட வாடையோடும் அலைந்த நானும் அந்த 95இல் ஒருவன். 'நிரந்தரப் பல்' என்று விளம்பரம் எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்தால் நல்லது. நிரந்தரம் என்று சொல்லிவிட்டால், எந்த நோயாளிதான் வருடா வருடம் காட்ட வருவார்? அது பராமரிக்க வேண்டிய பொருள் என்று முதல் நாளே சொன்னால் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இம்ப்ளான்டே வேண்டாம் என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் போட்டிருந்தால், அதற்காகப் பக்கத்தில் இருந்த இரண்டு நல்ல பற்களைச் செதுக்கியிருக்க வேண்டும். கழற்றி மாட்டும் பல்லுக்கு நான் பழகியிருப்பேனா என்பது சந்தேகம். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குப் போனது ஒற்றைக் கடைவாய்ப்பல், சொல் ஒன்றும் போய்விடவில்லை, ஆனால் மெல்லுவது முழுக்க ஒரே பக்கமாகிப் போனது. இந்தத் திருகு வந்த பிறகுதான் இரண்டு பக்கமும் மென்றேன். மறுபடி கேட்டாலும் இதையே தேர்ந்தெடுப்பேன்.

சீட்டுக் கொடுக்காததற்கு நீங்கள் சொல்லக்கூடிய காரணங்களை நானே யோசித்துப் பார்த்தேன். நோயாளி தொலைத்துவிடுவார் என்பது முதலாவது. தொலைப்போம், உண்மைதான். ஆனால் இன்று ஒரு சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளாதவர் எத்தனை பேர்? சீட்டு இருந்தால் வேறு மருத்துவரிடம் போய்விடுவார் என்பது இரண்டாவது; வாய்விட்டு யாரும் சொல்வதில்லை, மனசுக்குள் இருக்கலாம். நான் வேறு மருத்துவரிடம் போனது விரும்பி இல்லை, என்னுடையவர் இல்லாமல் போனதால்தான். வெளியூர் மாறிப் போகிறவர்களுக்கும் அதே கதி. மூன்றாவதுதான் நிஜமான காரணமோ என்று எனக்குச் சந்தேகம்: எந்த நிறுவனம் என்று எழுதிக் கொடுத்தால், அதற்கு ஏன் இவ்வளவு வாங்கினீர்கள் என்ற கேள்வி வரும். வரட்டும். பெயர் சொல்லக் கூச்சப்படும் பொருளை ஒருவர் தாடையில் வைக்காமல் இருப்பதே நல்லது.

நாங்கள் உங்களிடம் ஒளிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் நாளே ஒரு படிவத்தை நீட்டி, என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை வருடமாக என்று எழுதி வாங்குகிறீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா என்று அழுத்திக் கேட்கிறீர்கள். அந்த வகை மருந்துகளில் சில எடுப்பவருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு என்பதால், கேட்பது சரி. எங்கள் வரலாறு உங்களிடம் முழுசாக இருக்கிறது. நீங்கள் எங்களுக்குள் வைத்ததன் வரலாறும் எங்களிடம் இருக்கட்டுமே.

முதுகு வலிக்காக எம்ஆர்ஐ எடுக்கப் போனபோது, உடம்பில் உலோகம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். என்ன உலோகம், கழற்றக்கூடிய காந்தம் ஏதும் பொருத்தியிருக்கிறதா என்று அடுத்த கேள்வி. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, ஒன்றும் ஆகாது என்று இப்போது தெரியும். அன்று பேந்தப் பேந்த விழித்தேன். எனக்காவது வாய் திறந்து பதில் சொல்ல முடிகிற வயது. நாளைக்கு நினைவு தப்பி, இன்னொருவர் எனக்குப் பல் துலக்கிவிடும் நிலை வரும்போது, அவருக்கு எது சொந்தப் பல், எது திருகு என்று எப்படித் தெரியும்? அன்று கேப் ஆடினால் யாரிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போவார்?

அடுத்த மாதம் எனக்கு இன்னொரு பல் எடுக்கிறார்கள். இந்த முறை மேலே, 26. வேர் பிளந்துவிட்டது, காப்பாற்ற முடியாது. எலும்பு ஆறியபின் அங்கேயும் ஒரு திருகு. மேல்தாடை என்பதால் பல்லுக்கு மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துவிட்டு நீளத்தை முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார் அந்த இளம் மருத்துவர். நான் ஒரு சின்ன நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் 36 பற்றி அவர் தேடிக் கண்டுபிடித்ததை எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறேன். தொகுதி எண் என்ற இடம் மட்டும் காலி. அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எதிர்ப்பக்கத்தில் மேலே 26 என்று எழுதி, ஒட்டுச்சீட்டு ஒட்டும் அளவுக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
36இல் திருகு உள்ள ஒரு நோயாளி